டிரைவ் ஷாஃப்டை வெட்டுமுன்: விருத்தாசலம் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

விருத்தாசலத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தம் கையாலேயே ஒரு காரைக் கட்டிப் பார்க்க விழையும் இளைஞர்களுக்கும், அவர்கள் கொண்டுவரும் பழைய ஷாஃப்டைக் கையில் வாங்கி அளவு கேட்கும் லேத், வெல்டிங் பட்டறையாளர்களுக்கும், ஊரிலுள்ள அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியின் மாணவர்களுக்கும்,



வீட்டில் கார் கட்டுவோர் எஞ்சினைப் பற்றியும் உடற்கூட்டைப் பற்றியும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். ஆனால் எஞ்சினின் வலு சக்கரத்தைச் சென்றடையும் கடைசி முழ நீளத்தில் இருக்கும் இரும்புத் தண்டைப் பற்றி, அது நீளத்தில் ஒத்துவராமல் போகும் நாளில்தான் முதன்முறையாக நினைக்கிறார்கள். கியர்பாக்ஸ் ஒரு காரிலிருந்தும் சக்கர ஹப் வேறொரு காரிலிருந்தும் எடுக்கப்பட்டிருக்கும். அடிச்சட்டம் புதிதாக வளைத்துப் பற்றவைத்ததாக இருக்கும். கியர்பாக்ஸுக்கும் ஹப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி எந்தக் கம்பெனி ஷாஃப்டின் நீளத்துக்கும் பொருந்தாது. அந்த நேரத்தில் எவருக்கும் முதலில் தோன்றும் வழி, ஷாஃப்டை நடுவில் வெட்டி, வேண்டிய அளவு குறைத்தோ ஒரு துண்டைச் சேர்த்தோ, மீண்டும் பற்றவைத்துவிடுவது. அந்த வழி ஏன் தவறு என்பதையும், அதற்கு மாற்றாக எவை உள்ளன என்பதையும் பட்டறை மொழியிலும் சூளை மொழியிலும் எடுத்துரைப்பதே இம்மடலின் நோக்கம். சூளை மொழி இங்கே அலங்காரத்துக்காகச் சேர்க்கப்படவில்லை. ஷாஃப்டின் பலம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குரிய விடையைப் பீங்கான் சுடும் ஊர் ஏற்கெனவே வேறொரு பொருளில் கற்று வைத்திருக்கிறது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஏனெனில் பட்டறைகளில் ஷாஃப்ட் என்ற ஒரே பெயரால் இரண்டு வேறு பொருள்கள் அழைக்கப்படுகின்றன, தவறு பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது. லாரியிலும் ஜீப்பிலும் மாருதி ஆம்னியிலும் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு வண்டியின் நீளவாக்கில் செல்வது புரபெல்லர் ஷாஃப்ட். அது உள்ளே வெற்றாக உள்ள குழாய், இரு முனைகளிலும் கிராஸ் என்று மெக்கானிக்குகள் அழைக்கும் கூட்டல் குறி வடிவ இணைப்பு கொண்டது. முன்சக்கர இயக்கக் காரில் கியர்பாக்ஸின் இரு பக்கங்களிலிருந்தும் சக்கரங்களுக்குக் குறுக்குவாக்கில் செல்வது டிரைவ் ஷாஃப்ட். பெரும்பாலும் உள்ளே வெற்றிடமற்ற திண்ம எஃகுத் தண்டு, இரு முனைகளிலும் ஸ்ப்ளைன் எனப்படும் நெடுக்குப் பல்வரிசை வெட்டப்பட்டு, அந்தப் பல்வரிசை மாறா வேக இணைப்பு, அதாவது சி.வி. ஜாயின்ட் எனப்படும் குண்டுகள் கொண்ட மூட்டுக்குள் நுழைந்து பூட்டிக்கொள்வது.

புரபெல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறைப்பதும் நீட்டுவதும் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பழகிப்போன, முறையாகச் செய்தால் ஏற்கத்தக்க வேலை. நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரிக்குக் கூடு கட்டுவோருக்கும் ஆழ்துளை வண்டி அமைப்போருக்கும் அடிச்சட்டத்தின் நீளம் மாறும்போதெல்லாம் அது தேவைப்படுகிறது. அந்தக் குழாய் தொடக்கத்திலேயே பற்றவைப்பதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட, கரிமம் குறைந்த எஃகால் ஆனது. தொழிற்சாலையிலும் அதன் முனைகள் பற்றவைக்கப்பட்டவையே. இரு முனைகளின் கிராஸ்களும் ஒரே தளத்தில் நிற்கும்படி வைத்து, நேர்கோட்டில் பற்றவைத்து, பாலன்ஸிங் எந்திரத்தில் சமநிலை பார்த்துவிட்டால் அது மீண்டும் ஓடும். இந்தப் பழக்கம் கைக்கு வந்த பட்டறையாளர், அதே கையால் டிரைவ் ஷாஃப்டையும் வெட்டத் துணிகிறார். அவருடைய கைத்திறனில் குறை ஏதும் இல்லை. கையிலிருக்கும் பொருள்தான் வேறு.

டிரைவ் ஷாஃப்ட் தாங்க வேண்டிய சுமையை ஒரு சிறு கணக்கால் காணலாம். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 வரை உற்பத்தியில் இருந்த மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சின், பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடைகளில் எளிதாகக் கிடைப்பதால், வீட்டில் கார் கட்டுவோரின் கைக்கு அடிக்கடி வருவது. அதன் முறுக்குவிசை, அதாவது தண்டைச் சுழற்றித் திருகும் விசை, ஏறத்தாழ 60 நியூட்டன் மீட்டர். பார்வைக்குச் சிறிய எண். ஆனால் முதல் கியரும் கியர்பாக்ஸின் இறுதிப் பல்லிணைப்பும் சேர்ந்து அதை ஏறத்தாழ 15 மடங்கு பெருக்குவதால், சக்கரங்களின் பக்கம் வெளிவருவது 900 நியூட்டன் மீட்டர்; இரு ஷாஃப்டுகளும் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் 450. இதற்கு மேல் தரையின் பிடி அனுமதிக்கும் வரைதான் ஷாஃப்டில் விசை ஏறும், பிறகு டயர் வழுக்கிவிடும். ஆகவே சிறிய டயரும் இலேசான வண்டியும் ஷாஃப்டுக்கு ஒரு காப்பு. வீட்டில் கட்டுவோர் அழகுக்காகப் பெரிய சக்கரமும் அகன்ற டயரும் பூட்டும்போதும், எஞ்சினைப் பின்னால் வைத்து இயங்கும் சக்கரங்களின்மேல் எடையைக் கூட்டும்போதும், அந்தக் காப்பைத் தாமே அகற்றிவிடுகிறார்கள். கிளட்சைச் சட்டென்று விட்டால் ஏற்படும் அதிர்ச்சி விசை இந்தக் கணக்கில் சேரவில்லை.

450 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டில் ஏறும்போது, அதன் மேற்பரப்பில் உண்டாகும் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பில் பொருள் தாங்கும் விசை, சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 286 நியூட்டன். ஹார்டுவேர் கடையில் மைல்ட் ஸ்டீல் என்று விற்கப்படும் சாதாரண இரும்புத் தடி ஏறத்தாழ 145-ஐத் தாண்டியதும் நிலையாகத் திருகிக்கொள்ளத் தொடங்கும். பாதித் தூரத்திலேயே அது கைவிட்டுவிடும் என்று பொருள். விட்டத்தை 22 மில்லிமீட்டராக ஏற்றினால் தகைவு 215-ஆகக் குறையும். பலம் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பதால், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினாலே பலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. இதே விதி எதிர்த்திசையிலும் வேலை செய்யும்: சுத்தமாக இருக்கட்டும் என்று லேத்தில் ஒரு மில்லிமீட்டர் சீவி எடுப்பவர் தாம் நினைப்பதைவிட அதிகமான பலத்தைச் சீவி எடுக்கிறார்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய சொல் 'மேற்பரப்பு'. முறுக்கப்படும் தண்டில் தகைவு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. மையத்தில் சுழியமாகத் தொடங்கி வெளித்தோலில் உச்சம் அடைகிறது. ஆகவேதான் 25 மில்லிமீட்டர் தண்டின் நடுவில் 15 மில்லிமீட்டர் துளையிட்டால் எடையில் 36 விழுக்காடு போய்விட்டாலும் பலத்தில் ஏறத்தாழ 13 விழுக்காடுதான் போகும். தண்டின் உள்ளே இருப்பது பெரும்பாலும் வெளித்தோலைத் தாங்கிப் பிடிக்கும் பொருள். சுமையைச் சுமப்பது தோல். கார் செய்யும் நிறுவனங்கள் இதை அறிந்து, நடுத்தர அளவு கரிமம் உள்ள எஃகில் ஷாஃப்டைக் கடைந்து, பல்வரிசை வெட்டி, பிறகு இன்டக்‌ஷன் ஹார்டனிங் என்ற முறையில் தோலை மட்டும் கடினமாக்குகின்றன. செம்புக் கம்பிச் சுருளுக்குள் தண்டை நுழைத்து உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைச் செலுத்தினால், சில நொடிகளில் மேற்பரப்பின் சில மில்லிமீட்டர் ஆழம் மட்டும் செந்தழலாகக் காயும். உடனே நீர் பீய்ச்சிக் குளிர்விக்கும்போது அந்தத் தோல் மார்ட்டென்சைட் என்னும் மிகக் கடினமான அமைப்பாக மாறுகிறது. மார்ட்டென்சைட் முன்பிருந்த எஃகைவிடச் சற்று அதிக இடத்தைக் கேட்கும். உள்ளே மாறாமல் நிற்கும் மென்மையான எஃகு அந்த இடத்தைக் கொடுப்பதில்லை. ஆகவே தோல் நிரந்தரமாக அமுங்கிய நிலையில் நிற்கிறது. விரிசல் என்பது பிளந்து விலகுவது. அமுங்கி நிற்கும் பரப்பில் விரிசல் திறப்பதற்கு முன் அந்த அமுக்கம் முழுவதையும் வென்றாக வேண்டும்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளருக்கு இந்தச் செய்தி புதிதாக இருக்க வாய்ப்பில்லை. நெய்வேலிச் சுரங்கத்தின் களிமண்ணை அருகில் வைத்துக்கொண்டு வளர்ந்த இத்தொழிலில், பாண்டத்தின்மேல் பூசப்படும் கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு, உள்ளிருக்கும் பீங்கானைவிடச் சற்றுக் குறைவாகச் சுருங்கும்படி கலக்கப்பட வேண்டும் என்பது அரிச்சுவடி. சூளை ஆறும்போது உடல் அதிகமாகச் சுருங்கிப் பூச்சை இறுக்கிப் பிடிப்பதால் பூச்சு அமுக்கத்தில் நிற்கிறது. மின்கம்பத்துக்குப் போகும் மின்காப்பான், அதாவது இன்சுலேட்டர், பூச்சில்லாத அதே பீங்கானைவிட அதிக இழுவையைத் தாங்குவதற்கு இதுவே காரணம். கலவை தவறிப் பூச்சு அதிகமாகச் சுருங்கினால் அது இழுபட்ட நிலையில் நிற்கும். சில நாட்களில் கோப்பை முழுவதும் மயிரிழை வலையாக விரிசல் ஓடும், தொழிலாளர் அதைக் கிரேசிங் என்பர். ஒரே பூச்சு, ஒரே உடல். தோல் அமுக்கத்தில் நிற்கிறதா இழுவையில் நிற்கிறதா என்பது மட்டுமே அந்தப் பாண்டத்தின் ஆயுளை முடிவு செய்கிறது. தட்டிப் பார்த்தால் மணி போல ஒலிக்கும் கோப்பைக்கும் மந்தமாகத் தட்டும் கோப்பைக்கும் உள்ள வேறுபாட்டைக் காது பழகியவர்கள், டிரைவ் ஷாஃப்டையும் கிளேஸ் போட்ட பாண்டமாக நினைத்துப் பார்த்தால் போதும். அதை வெட்டிப் பற்றவைப்பது என்ன செய்யும் என்பது தானே விளங்கிவிடும்.

லேத்தில் பூட்டிய உடனேயே ஷாஃப்ட் தன் இயல்பைச் சொல்லிவிடுகிறது. வெட்டும் டூல் அதன் தோலில் பிடிக்காமல் கீச்சிட்டு முனை மழுங்கும். அனுபவமுள்ள கடைசல்காரர் அங்கேயே நிறுத்திவிடுவார். அவசரக்காரர் காஸ் கட்டரை எடுத்து அந்த இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, மணலில் ஆறவிட்டு, இப்போது வெட்டுகிறது என்று மகிழ்வார். அந்த இடத்தில் ஷாஃப்டின் கடினத் தோல் இல்லாமல் போய்விட்டது என்பதைத்தான் டூல் அவருக்குச் சொல்கிறது.

அடுத்து வெல்டிங். எஃகின் உள்ளமைப்பு 727 பாகை செல்சியஸை ஒட்டி மாறத் தொடங்குகிறது. பீங்கானில் உள்ள குவார்ட்ஸ் 573 பாகையில் திடீரென அளவு மாறுவதால் அந்த வெப்பத்தைக் கடக்கும்போது சூளையை மெதுவாக ஆற்ற வேண்டும் என்பதை மாணவர் அறிவர், இல்லாவிட்டால் பாண்டம் வாய்பிளக்கும். எஃகிலும் அதே எச்சரிக்கை பொருந்தும். வெல்டிங் உருக்கிய இடத்தின் இருபுறமும் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு, உருகாவிட்டாலும் இந்த மாற்ற வெப்பத்தைக் கடந்துபோன ஒரு பட்டை இருக்கும். மைல்ட் ஸ்டீலில் அந்தப் பட்டை தீங்கற்றது. ஷாஃப்டிலோ, சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு வெப்பத்தை வேகமாக உறிஞ்சிவிடுவதால், கரிமம் மிகுந்த அந்தப் பட்டை நொறுங்கும் மார்ட்டென்சைட்டாக உறைகிறது. அதே நேரத்தில் உருகிய வெல்டிங் ஆறிச் சுருங்கி அதை இழுக்கிறது. அமுக்கத்தில் நிற்க வேண்டிய தோல், அந்த ஒரு வளையத்தில் மட்டும் நொறுங்குவதாகவும் இழுபட்டதாகவும் ஆகிவிடுகிறது. எலக்ட்ரோடில் ஈரம் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்: ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அந்தப் பட்டைக்குள் புகுந்து, வேலை முடிந்து பல மணி நேரம் கழித்து, யாரும் தொடாமலே விரிசலைத் திறக்கும். சரியாகக் காயாத பச்சைப் பாண்டத்தைச் சூளையில் அடுக்கினால் என்னவாகும் என்று அறிந்தவர்கள், 7018 வகை எலக்ட்ரோடுகளை அடுப்பில் உலர்த்தியே பயன்படுத்த வேண்டும் என்ற விதியின் காரணத்தையும் எளிதில் உணர்வர்.

ஷாஃப்டை முன்கூட்டியே 200 முதல் 300 பாகை வரை காய்ச்சி, உலர்ந்த எலக்ட்ரோடால் பற்றவைத்து, போர்த்தி மெதுவாக ஆறவிட்டால் போதாதா என்று கேட்கும் பட்டறையாளர் உண்டு. அந்தக் கேள்வி மதிப்புக்குரியது. அவ்வாறு செய்தால் உடனடி விரிசலைத் தவிர்க்கலாம். ஆனால் தோலின் அமுக்கம் திரும்பி வராது. ஸ்லீவ் எனப்படும் உறைக் குழாயை மேலே செருகிப் பற்றவைத்தாலும், உறை முடியும் விளிம்பில் தடிப்பிலிருந்து மெலிவுக்குச் சட்டென்று மாறும் ஒரு படி உருவாகி, முறுக்கு முழுவதும் அந்த விளிம்பில் குவியும். மூடிய மைதானத்தில், மெதுவாக ஓட்டி மற்றப் பாகங்களைச் சோதிக்கும் தற்காலிகத் தண்டாக அது உதவலாம். ஆள் ஏறிச் செல்லும் வண்டியில் அதற்கு இடமில்லை.

முறிந்த ஷாஃப்டின் முகத்தைப் படிக்கப் பழகினால் இவ்வளவும் கண்ணால் காணக் கிடைக்கும். ஈரக் களிமண்ணை உருட்டி இரு கைகளால் முறுக்கினால் அதன்மேல் வரிகள் திருகிக்கொண்டு வந்து, கடைசியில் குறுக்காக அறுபடும். அதே உருளை காய்ந்தபின் முறுக்கினால், ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் திருகு போல ஒடியும். பள்ளிச் சுண்ணக்கட்டியும் அவ்வாறே ஒடியும். இளகி நீளும் பொருள் குறுக்காகவும் நொறுங்கும் பொருள் சாய்வாகவும் பிரிவதே இதன் காரணம். மைல்ட் ஸ்டீல் தண்டு அளவு மீறித் திருகி அறுந்திருந்தால் அதன் முகம் தட்டையாகவும், அருகிலுள்ள பல்வரிசை கயிறு போலத் திருகியும் இருக்கும். பற்றவைத்த இடம் பெரும்பாலும் சாய்வாக, ஒடிந்த ஓடு போன்ற மணிமணியான முகத்தோடு பிரியும். மூன்றாவது வகை உலோக அயர்வு, அதாவது உடைக்கும் அளவுக்குக் கீழே உள்ள சுமை பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப ஏறுவதால் விரிசல் சிறுகச் சிறுக வளர்வது. அதன் முகத்தில், ஏரி வற்றும்போது கரையில் படியும் கோடுகளைப் போல, ஒரு புள்ளியைச் சுற்றி வளைவு வளைவாக வரிகள் தெரியும். அந்தப் புள்ளி அநேகமாக ஒரு டூல் கீறலாகவோ, பல்வரிசை முடியும் கூரிய மூலையாகவோ, வளையக் கிளிப்புக்காக வெட்டிய பள்ளமாகவோ இருக்கும். கால் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஒரு திசையிலும், எடுக்கும்போது எஞ்சின் பிடிப்பதால் எதிர்த்திசையிலும் ஷாஃப்ட் முறுக்கப்படுகிறது. 22 மில்லிமீட்டர் விட்டமும் 600 மில்லிமீட்டர் நீளமும் உள்ள தண்டு 450 நியூட்டன் மீட்டரில் 8 பாகைக்கு மேல் திருகி மீள்கிறது என்று கணக்கிட்டால், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அது எவ்வளவு உழைக்கிறது என்பது புலப்படும்.

மூட்டைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நீளத்தைச் சரிசெய்தவர்கள் கோணத்தை மறந்துவிடுகிறார்கள். கிராஸ் இணைப்பு வளைந்து நிற்கும்போது சீரான வேகத்தை அப்படியே கடத்துவதில்லை. 30 பாகை வளைவில், உள்ளே சீராகச் சுழன்றாலும் வெளியே ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஏறத்தாழ 13 விழுக்காடு மெதுவாகவும் 15 விழுக்காடு வேகமாகவும் மாறிமாறிச் சுழலும். திருப்பும் சக்கரத்தில் இது தாங்க முடியாத நடுக்கமாக வெளிப்படும். 1920களில் ஆல்ஃபிரட் செப்பா என்ற பொறியாளர் ஆறு எஃகுக் குண்டுகளை வளைந்த பள்ளங்களில் ஓடவிட்டு இந்தக் குறையை நீக்கினார். 1959-இல் பிரிட்டனில் வந்த மினி கார் அத்தகைய மூட்டைக் கொண்டே எஞ்சினைக் குறுக்கே வைத்து முன்சக்கரங்களை இயக்கிக் காட்டியது. இன்று சக்கரப் பக்கத்து மூட்டு ஏறத்தாழ 45 பாகை வரை வளையும். கியர்பாக்ஸ் பக்கத்து மூட்டு அவ்வளவு வளையாது, ஆனால் ஸ்பிரிங் ஏறி இறங்கும்போது சில சென்டிமீட்டர் உள்ளும் வெளியும் நழுவிக் கொடுக்கும். ஷாஃப்ட் அளவுக்கு மீறி நீளமாக இருந்தால் பள்ளத்தில் விழும்போது அந்த நழுவல் தீர்ந்து கியர்பாக்ஸின் உறையையே குத்தும்; குட்டையாக இருந்தால் சக்கரம் தொங்கும்போது மூட்டு கழன்றுவிடும். ஆகவே நீளத்தை அளக்க வேண்டியது வண்டி ஜாக்கியில் தொங்கும்போது மட்டும் அல்ல. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை அடிமட்டத்திலிருந்து உச்சம் வரை கையால் உயர்த்தி, திருப்பும் சக்கரமானால் இரு பக்க முழுத் திருப்பத்திலும், ஒவ்வொரு நிலையிலும் அளக்க வேண்டும்.

அப்படியானால் நீளம் பொருந்தாதபோது செய்யத்தக்கது என்ன? முதல் விடையும் மிகச் சிறந்த விடையும், ஷாஃப்டை மாற்றாமல் காரை மாற்றுவது. வரைபடத்தை அடிச்சட்டத்திலிருந்து தொடங்காமல் ஷாஃப்டிலிருந்து தொடங்கினால், அதாவது ஒரே காரின் கியர்பாக்ஸ், இரு ஷாஃப்டுகள், ஹப்புகள் ஆகியவற்றை அவை பிறந்த காரில் எந்த இடைவெளியில் இருந்தனவோ அதே இடைவெளியில் தரையில் அடுக்கி, அவற்றைச் சுற்றி அடிச்சட்டத்தை வளைத்தால், வெட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. பின்சக்கர இயக்கம் வேண்டுவோருக்கு டாட்டா நானோவின் பின்பக்க எஞ்சின் தொகுதி முழுமையாகவே கிடைக்கிறது. மாருதி ஆம்னியின் தொகுதியை எடுத்தால், குறைக்கத் தகுந்த குழாய் ஷாஃப்டே அதில் இருக்கிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், ஃபார்முலா மாருதி என்ற பெயரில், மாருதி 800-இன் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். சாலையில் ஓடும் எளிய காரின் இயந்திரத்தைச் சுற்றி முழுப் பந்தய வண்டி ஒன்றை எழுப்பலாம் என்பதற்கு இந்த நாட்டில் அதைவிடத் தெளிவான சான்று இல்லை. 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தபின், கோவையை அடுத்த பந்தயக் களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கல்லூரி மாணவர்கள் தாமே கட்டிய கார்களை ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டி அங்கே நடந்து வருகிறது.

இரண்டாம் விடை, பொருந்தும் இன்னொரு கம்பெனி ஷாஃப்டைத் தேடுவது. ஒரே நிறுவனத்தின் பல கார்களில் மூட்டுகளின் பல்வரிசை ஒன்றாக இருந்து தண்டின் நீளம் மட்டும் மாறுவது உண்டு. கியர்பாக்ஸின் நடு எஞ்சினுக்கு ஒருபுறமாக ஒதுங்கியிருப்பதால் ஒரே காரிலேயே இடது ஷாஃப்டும் வலது ஷாஃப்டும் வேறு வேறு நீளமுடையவை; அடிச்சட்டத்தில் கியர்பாக்ஸைச் சற்று நகர்த்தி இரு பக்கமும் ஒரே வகை ஷாஃப்டைப் பூட்ட முடியுமா என்று பார்ப்பது நல்ல வழி. பழைய பாகக் கடையில் பல்லை எண்ணி, வெர்னியரால் விட்டத்தை அளந்து, கையோடு எடுத்துப்போன மூட்டின் உள்வளையத்தை அந்த இடத்திலேயே செருகிப் பார்க்கும் பொறுமை, பிறகு வரும் எல்லாச் செலவையும் மிச்சப்படுத்தும்.

இரண்டும் கைகூடாதபோது புதிய தண்டைச் செய்வதே முறை. இ.என். 24 எனப்படும் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு இதற்கு ஏற்றது. இலேசான வண்டிக்கு, 0.4 விழுக்காடு கரிமமுள்ள இ.என். 8 எஃகைத் தக்கபடி கடினமாக்கிப் பயன்படுத்தலாம். தடியை வாங்கும்போது அதன் தரச் சான்றையும் கேட்டு வாங்க வேண்டும்; அடையாளம் தெரியாத தடி எவ்வளவு பளபளத்தாலும் ஷாஃப்டுக்கு ஆகாது. பல்வரிசையை டிவைடிங் ஹெட் வைத்த மில்லிங் எந்திரத்திலும் வெட்டலாம், ஆனால் வளைபக்கப் பல்லுக்கு ஹாபிங் எந்திரமே துல்லியம் தரும்; அது உள்ளூரில் இல்லையென்றால் சென்னைக்கோ கோவைக்கோ அனுப்புவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பல்வரிசை முடியும் இடத்தில் தண்டின் நடுப்பகுதியைப் பல்லின் அடிவிட்டத்தைவிடச் சற்று மெலிதாக்கி, நீண்ட மென்மையான சரிவாக இறக்கினால் முறுக்கு ஒரே மூலையில் குவியாமல் முழு நீளத்திலும் பரவும். கம்பெனி ஷாஃப்டின் நடுப்பகுதியும் பல முறை இப்படி மெலிந்தே இருப்பதால்தான், அதன் முனையை வெட்டிவிட்டு நடுவில் புதுப் பல் வெட்டலாம் என்ற யோசனை கைகூடுவதில்லை. பல் வெட்டுவதற்கு அங்கே போதிய உலோகம் இருக்காது. எல்லா வெட்டு வேலையும் முடிந்த பிறகே வெப்பப் பதம். முதலில் கடினமாக்கி, பிறகு டெம்பரிங் எனும் மிதமான மறுசூட்டால் நொறுங்கும் தன்மையை நீக்க வேண்டும். எந்த வெப்பம், எவ்வளவு நேரம், எதில் குளிர்விப்பது என்ற கேள்விகளைச் சூளை எரிக்கும் ஊரில் அற்பமாக எண்ணுவார் யாரும் இரார்.

செய்து முடித்த தண்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேடுவதற்கும் ஊரில் பழகிய முறையே உதவும். பீங்கான் இன்சுலேட்டரில் நுண்துளை இருக்கிறதா என்று அறிய, உடைத்த துண்டைச் சாயநீரில் அழுத்தத்தோடு ஊறவைத்து, சாயம் உள்ளே பரவியிருக்கிறதா என்று பார்ப்பர். எஃகுக்குரியது அதன் உறவு முறையே: எண்ணெய்ப் பசை நீக்கிய தண்டில் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, சற்று நேரம் ஊறவிட்டு, மேற்பரப்பை நன்றாகத் துடைத்து, வெள்ளைப் பொடிக் கரைசலைப் பூசினால், விரிசலுக்குள் தங்கிய சாயம் வெள்ளையில் மெல்லிய சிவப்புக் கோடாகக் கசிந்து எழும். மூன்று குப்பிகளாக விற்கப்படும் இந்தப் பொருள் விலை அதிகமானதும் அன்று.

சட்டத்தின் நிலையையும் மறைக்காமல் சொல்வது கடமை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. முற்றிலும் புதிதாகக் கட்டிய வண்டி பொதுச் சாலையில் ஓட வேண்டுமானால், புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்று வேண்டும். கோவையில் ஜி.டி. நாயுடு 1952-இல் இருவர் அமரும் சிறிய காரை உருவாக்கியும் அரசின் உரிமம் கிடைக்காததால் அது உற்பத்திக்குப் போகவில்லை என்ற வருத்தம் இன்றும் பலர் மனத்தில் உண்டு. அந்த வருத்தம் நியாயமானதே. ஆயினும் சான்றில்லாத வண்டியைக் கடலூர்ச் சாலையில் ஓட்டுவதற்கு அது உரிமை ஆகிவிடாது. எதிரே வருபவருக்கு அந்த ஷாஃப்ட் எப்படிச் செய்யப்பட்டது என்பது தெரியாது. ஓடும்போது அது முறிந்தால், சக்கரப் பக்கத்தில் எஞ்சிய துண்டு சாட்டையாகச் சுழன்று பிரேக் குழாயையும் அறுக்கக்கூடும். கட்டிய காரை ஓட்டிப் பார்க்க மூடிய மைதானமும் மாணவர் போட்டிகளும் இருக்கின்றன. 2007-இல் தொடங்கிய பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டியில், 10 குதிரைத்திறன் எஞ்சினை வைத்துக்கொண்டு மண்மேட்டில் ஏறியிறங்கும் மாணவர் வண்டிகளுக்கு, முதலில் தொழில்நுட்பச் சோதனையில் தேறினால்தான் களத்தில் இறங்க அனுமதி. பீங்கான் கல்லூரி மாணவரும் பட்டறையாளரும் ஒரே மேசையில் அமர்ந்து அத்தகைய ஒரு வண்டியைத் திட்டமிட்டால், வெப்பத்தைப் பற்றி ஒருவரும் உலோகத்தைப் பற்றி மற்றவரும் சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கும்.

முதல் ஓட்டத்துக்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை மீதமிருக்கிறது. ஷாஃப்டைப் பூட்டியபின், ஒரு முனைப் பல்வரிசையிலிருந்து மறுமுனைப் பல்வரிசை வரை, அளவுகோலை வைத்து, வெள்ளைப் பெயின்டால் ஒரு நேர்கோடு இழுக்க வேண்டும். மைதானத்தில் முதல் கியரில் சில முறை கிளம்பி நின்று, ஒரு மேட்டில் ஏறி இறங்கிய பிறகு, வண்டியை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தால், எஃகு தன் எல்லையைத் தாண்டவில்லை என்றால் கோடு போட்டபடியே நேராக இருக்கும். அது கொடிபோல ஒரு துளியாவது தண்டைச் சுற்றியிருந்தால், அந்த ஷாஃப்டை அன்றைக்கே கழற்றிவிட வேண்டும்.